லடாக்கில் ரும்ட்சே – சோ மோரிரி நடை: 7 நாள் திட்டம், அலசித் தரவும்

#1 கூடாரவாசி

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், நான்கு பேர், எல்லோரும் 30–45 வயது. சென்னையிலிருந்து டெல்லி வழியாக லேவுக்கு விமானம். லேயில் (3,500 மீ.) 2 இரவு ஓய்வு. அடுத்த நாள் காரில் ரும்ட்சே போய், அன்றே நடந்து கியாமார் (சுமார் 4,400). மறுநாள் கியாமார் லா, மண்டல்சன் லா இரண்டையும் (லா என்றால் கணவாய்) தாண்டித் திசாலிங் (சுமார் 4,950). அதன்பின் ஷிபுக் லா வழியாகச் சோ கர் ஏரிக்கரையில் பொங்குனாகு (4,500 சொச்சம்), ஏரியை ஒட்டி நுருச்சன், ஹோர்லாம் கொங்கா லா தாண்டி ராஜுங் கரு, கியாமாயுரி லா தாண்டிக் கியாமா, கடைசி நாள் யாலுங் ந்யாவ் லா ஏறி இறங்கிச் சோ மோரிரி ஏரிக்கரை ஊரான கோர்சோக். ஆக 7 நாள்.

நான்கு பேரும் தினம் 10 கி.மீ. ஓடுகிறவர்கள். கணவாய்களில் எது கடினம், எங்கே கயிறு தேவைப்படும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சமையல், குதிரை, அனுமதி பற்றியும் கேள்விகள் உண்டு, பிறகு கேட்கிறேன்.

#2 பழைய பாதை

கயிறு எங்கும் வேண்டாம். ஆகஸ்டில் இந்த வழியில் இருக்கும் கணவாய்கள் எல்லாமே சாய்ந்த கல்மேடுகள், குதிரை ஏறுகிற பாதைகள். கடினம் கணவாயில் இல்லை. நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, தூங்கும் இடங்களின் உயரம், அதில் இருக்கிறது.

உங்கள் கணக்கையே பாருங்கள். 3,500, அடுத்த இரவு 4,400, அதற்கடுத்த இரவு 4,950. இரண்டே இரவில் 1,450 மீட்டர். இந்தத் திட்டம் பல இடங்களில் அப்படியே அச்சடித்த மாதிரி சுற்றுகிறது, அதனால் சரி என்று ஆகிவிடாது.

இன்னொன்று. திசாலிங் இருப்பது மண்டல்சன் லாவுக்கும் ஷிபுக் லாவுக்கும் நடுவில். இரண்டும் 5,200-க்கு மேல். அங்கே இரவு 1 மணிக்கு ஒருவருக்கு மூச்சு வாங்கினால், 'கீழே இறக்கு' என்பதற்கு இந்த வழியில் பொருள் முதலில் 300 மீட்டர் மேலே ஏற்று என்பதுதான். இமாலயத்தில் வேறு பல நடைகளில் கணவாயைத் தாண்டினால் மரக்கோட்டுக்கு, அதாவது மரங்கள் வளரும் மேல் எல்லைக்கு, கீழே போய்விடலாம். இங்கே மரக்கோடே கிடையாது. வழி முழுக்க மிகத் தாழ்வான முகாம் கியாமார், அது 4,400. சோ கர் கரையே 4,530.

(உயர எண்கள் வரைபடத்துக்கு வரைபடம் 50–100 மீட்டர் வித்தியாசப்படும். அதைப் பற்றிச் சண்டை வேண்டாம்.)

#3 ஈரக்காற்று

பழைய பாதை அண்ணா சொன்னதற்கு, அதாவது உயரநோய்க்கு, மருத்துவப் பக்கம்.

பொதுவான விதி: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. 3–4 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டாவது இரவு. பகலில் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை, இரவு இறங்கித் தூங்கினால் போதும். தினம் 10 கி.மீ. ஓடுவது இதில் ஒன்றுக்கும் உதவாது. ஓடுகிறவர்கள் வேகமாக நடந்து வேகமாக உயரம் சேர்த்துக்கொள்வதால் ஒருவகையில் பாதகம்தான்.

4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 57 சதவீதம். யாலுங் ந்யாவ் லா உச்சியில் (சுமார் 5,440) பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே.

உயரத்துக்கு உடம்பு பழக உதவும் மாத்திரை அசெட்டசோலமைடு 125 மி.கி., காலை ஒன்று மாலை ஒன்று. விமானத்தில் நேராக லேவில் இறங்குவதால் புறப்படுவதற்கு முந்தைய நாளே தொடங்கலாம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனியில் குறுகுறுப்பு வரும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். இவை பக்கவிளைவு, பயப்பட வேண்டாம். ஆனால் இந்த மாத்திரை உடம்பு பழகுவதைக் கொஞ்சம் முடுக்கிவிடும், அவ்வளவே. தப்பான திட்டத்தைச் சரியாக்காது.

வழியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. தலைவலியோடு தள்ளாட்டம்: தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி ஒட்டிப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் மூளை வீக்கம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. உடனே, பிறகு 6 மணிக்கொரு முறை 4 மி.கி., கூடவே இறக்கம். அடுத்தது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, வறட்டு இருமல், மற்ற மூவரும் தேநீர் குடித்து எழுந்துவிட்ட பிறகும் இவர் நிதானத்துக்கு வராமல் இருப்பது. அது நுரையீரலில் நீர். மெதுவாகக் கரையும் வகை நிஃபெடிபின் 30 மி.கி. 12 மணிக்கொரு முறை, உட்கார வைத்தபடியே குதிரையில் ஏற்றி இறக்கம். படுக்க வைத்தால் இன்னும் மோசமாகும். இந்த இரண்டு மருந்தையும் எப்போது யாருக்கு என்று கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

இரவில் பக்கத்தில் படுத்திருப்பவர் மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுவது கேட்கும். பத்து நொடி சத்தமே இருக்காது, பிறகு பெருமூச்சு. அந்த உயரத்தில் அது சகஜம். அதற்காகத் தூக்க மாத்திரையோ, ஊர்க்காரர்கள் தரும் சாங் என்ற பார்லிக் கள்ளோ வேண்டாம்.

#4 நுனிப்புல்

அப்படியானால் எளிய வழி இருக்கிறதே. திசாலிங்கையே தவிர்த்துவிட்டு, லேயிலிருந்து காரில் நேராகச் சோ கர் போய், நுருச்சனிலிருந்து நடையைத் தொடங்கினால் 4 நாளில் முடியும். மூன்று கணவாய் குறையும். பலர் அப்படித்தான் போகிறார்கள்.

#5 ஈரக்காற்று

3,500-லிருந்து ஒரே நாளில் 4,650-க்குப் போய்ப் படுப்பதற்குப் பெயர் எளிய வழியா? காரில் போனால் உடம்புக்குத் தெரியாது என்று நினைப்பது பெரிய தப்பு. ஒன்று மட்டும் சரி: நுருச்சன் வரை வண்டி வரும், ஆகவே அங்கே உடம்பு கெட்டால் ஏற்றிக்கொண்டு லே திரும்பலாம். திசாலிங்கில் அது முடியாது. லேக்கு வெளியே 4,000 மீட்டர் பக்கம் இரண்டு இரவாவது தங்கியவர்களுக்கு இந்தக் குறுக்குவழி சரி, நேராக விமானத்திலிருந்து வருகிறவர்களுக்கு இல்லை.

#6 பழைய பாதை

கூடாரவாசி, என் கணக்கு இது. லேயில் 3 இரவு. முதல் நாள் படுக்கைதான், சுற்றிப் பார்ப்பது கூடாது. அடுத்து ரும்ட்சேயிலேயே ஓர் இரவு (சுமார் 4,150). கார் 2 மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும், மிச்சப் பகலில் ஊர் மேட்டில் ஏறி இறங்குங்கள். கியாமாரில் 2 இரவு. நடுப்பகலில் கியாமார் லா பக்கம் 4,900 வரை ஏறிவிட்டுத் திரும்பி வாருங்கள். அதற்குப் பிறகு திசாலிங் போனால் அது 550 மீட்டர் ஏற்றம்தான், அதுவும் பழகிய உடம்பில். மூன்றாவது கணவாயைத் தாண்டிப் பொங்குனாகுவில் 4,500-க்கு இறங்கிவிடுகிறீர்கள், அங்கே உடம்பு தேறும். பிறகு உங்கள் திட்டப்படி.

லேயில் கூடும் ஓர் இரவு போக, நடையில் இரண்டு நாள் கூடுகிறது. விடுமுறை இல்லையென்றால் லிக்கிர் – திமிஸ்கம் நடை போங்கள், அதில் கணவாய்கள் 4,000-க்குள், கிராமத்து வீடுகளில் தங்கல். நேரம் தாராளமாக இருப்பவர்கள் மார்க்கா பள்ளத்தாக்கை முதலில் முடித்துவிட்டு இங்கே வருவது எல்லாவற்றிலும் உத்தமம். அங்கே நிமாலிங் முகாமே 4,700-க்கு மேல், கொங்மாரு லா 5,200. அதை முடித்த உடம்புக்குத் திசாலிங் ஒரு பொருட்டல்ல.

#7 கூடாரவாசி

ஒத்துக்கொள்கிறேன். 9 நாள். அலுவலகத்தில் கெஞ்ச வேண்டியதுதான். இனி குதிரை, அனுமதி, போன்?

#8 லே சந்து

குதிரைக் கணக்கு. நான்கு பேர், சமையல்காரர், உதவியாள், குதிரைக்காரர், ஆக 7 வாய். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 800 கிராம் உணவு என்றால் 9 நாளைக்கு சுமார் 50 கிலோ. சமையல் சாமானும் காஸ் உருளையும் 30. கூடாரங்கள் 35. உங்கள் பைகள் ஆளுக்கு 12 கிலோ, 48. மற்ற மூவர் சாமான் 30. கிட்டத்தட்ட 195 கிலோ. ஒரு குதிரைக்கு 40 கிலோ, பக்கத்துக்கு 20 என்று வைத்தால் 5 குதிரை. ஆறாவதாக ஒன்று சுமையில்லாமல் வரவேண்டும். அது ஆடம்பரமில்லை: மேலே ஈரக்காற்று சொன்ன நோயாளி அதில்தான் உட்காருவார். பேரம் பேசும்போது முதலில் வெட்டப்படுவது இந்த ஆறாவது குதிரை. விடாதீர்கள்.

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறும் இடம்: கோர்சோக்கில் உங்கள் நடை முடிந்துவிடும், குதிரைகளுக்கு முடியாது. அவை வீடு திரும்பும் நாட்களுக்கும் கூலி உண்டு. எத்தனை நாள் என்பதை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கியாமாரில் நீங்கள் சும்மா இருக்கும் நாளுக்கும் கூலி உண்டு.

பைகளை இடமும் வலமும் ஒரே எடையாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு பக்கம் 3 கிலோ கூடினால் ஏற்றத்தில் சேணம் சரியும், அரைமணிக்கொரு தரம் நிறுத்திக் கட்ட வேண்டிவரும், அத்தோடு குதிரை முதுகு புண்ணாகும். சக்கரம் வைத்த பெட்டியோடு யாரும் வராதீர்கள். நீளவாக்கில் உருளைப் பைதான் சேணத்துக்குப் பொருந்தும்.

அனுமதி: இந்தியக் குடிமக்களுக்கு உள்கோட்டு அனுமதி (எல்லைப் பகுதிக்குள் போக வாங்கும் இன்னர் லைன் பெர்மிட்) 2021 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. ஆனால் சுற்றுச்சூழல் கட்டணம் கட்டி ரசீது வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் குழுவில் இருந்தால் (இலங்கை, சிங்கப்பூர், கனடா நண்பர்கள் கவனிக்க) அவருக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி தனியாக வேண்டும், லேயில் முகவர் வழியாக எடுப்பார்கள். திரும்பும்போது மாஹே பாலச் சாவடியில் கேட்பார்கள். நாலைந்து நகல் எடுத்து வையுங்கள்.

போன்: வெளி மாநில முன்கட்டணச் சிம் லடாக்கில் வேலை செய்யாது, பின்கட்டணம் வேண்டும். நடைபாதையில் எந்தச் சிம்மும் இருக்காது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அதற்காகச் செயற்கைக்கோள் போனோ, கார்மின் இன்ரீச் போன்ற கருவியோ கொண்டுவராதீர்கள். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள், பிடித்திருக்கிறார்கள்.

கோர்சோக்கிலிருந்து லே சுமார் 220 கி.மீ., சுமதாங் வழி. காரை நாள் குறித்து முன்பே சொல்லிவையுங்கள். வாடகை டாக்ஸி சங்கம் அச்சிட்ட பட்டியல்படிதான், அதில் பேரம் கிடையாது.

#9 அடுப்படி

உணவுக்கு வருவோம். 4,500 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 டிகிரியில் கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதிக்கும், ஆனால் உள்ளே அரிசி வேகாது. வெளியே குழைந்து நடுவில் விதை நிற்கும். துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் காஸ்தான் தீரும். ஆகவே குக்கர் இல்லாமல் போகக்கூடாது, முகாம் சமையல்காரர்களிடம் இருக்கும், ஆனாலும் ரப்பர் வளையமும் பாதுகாப்பு வால்வும் உபரியாக ஒன்று எடுத்துப்போங்கள். குளிரில் விறைத்துப் போகும் பழைய வளையம் ஆவியை விடும், திசாலிங்கில் கடை கிடையாது.

#10 நுனிப்புல்

குக்கர்தான் இருக்கிறதே, பிறகென்ன? நாலு விசில் விட்டால் வீட்டில் மாதிரியே வேகுமே. குக்கருக்குள் உயரம் தெரியாதல்லவா?

#11 அடுப்படி

தெரியும். குக்கரின் குண்டு, வெளியே இருக்கும் அழுத்தத்தோடு சுமார் ஒரு வளிமண்டல அழுத்தத்தைத்தான் கூட்டுகிறது. கடற்கரையில் 1 + 1 = 2, உள்ளே சுமார் 120 டிகிரி. சோ கரில் 0.57 + 1 = 1.57, உள்ளே சுமார் 113 டிகிரிதான். அந்த ஏழு டிகிரிக்காகச் சமையல் நேரம் ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விசிலை எண்ணாதீர்கள், முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நிமிடத்தை எண்ணுங்கள். புழுங்கலரிசி வேண்டாம், பச்சரிசியை அரைமணி ஊறவைத்துப் போடுங்கள். பருப்பென்றால் பாசிப்பருப்பு, மசூர். கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் வீட்டோடு.

காலைக்கு அவல்தான் ராஜா. வெந்நீர் ஊற்றி மூடினால் பத்து நிமிடம். ரவையும் சேமியாவும் 85 டிகிரியிலேயே வெந்துவிடும். புளிக்காய்ச்சல் நல்லெண்ணெயில் செய்து கொண்டுபோகலாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற சரக்கு, அங்கே பகலிலேயே மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும்.

அங்குள்ளவர்களின் உணவை ஒரு தரம் பார்த்தால் காரணம் புரியும். ஙம்பே என்பார்கள், திபெத்தில் சாம்பா: பார்லியை மணலில் பொரித்து அரைத்த மாவு. ஏற்கனவே வறுத்தது, ஆகவே மேலே வேகவைக்க வேண்டியதே இல்லை. வெண்ணெய்த் தேநீரில் போட்டு விரலால் பிசைந்து உருட்டிச் சாப்பிட்டுவிடலாம். நம் சத்துமாவுக்கு அண்ணன் முறை. லே சந்தையில் ஒரு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் அடுப்பு பற்றாத நாளில் காப்பாற்றும்.

காஸ் குப்பியை விமானத்தில், கைப்பையிலும் சரி பெட்டியிலும் சரி, எடுத்துப்போக முடியாது. லேயில் வாங்குங்கள். விடியலில் தீ மெலிந்தால் குப்பியை முந்தைய இரவு தூக்கப்பைக்குள் வைத்திருந்தாலே போதும்.

#12 கருங்கூடாரம்

எல்லோரும் பாதையைப் பற்றியே பேசுகிறீர்கள். அது யாருடைய நிலம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த நடை முழுக்கச் சாங்பா என்ற நாடோடி மேய்ப்பர்களின் மேய்ச்சல் நிலம். சாங்தாங் என்ற பெரும் பீடபூமியின் மேற்கு ஓரம் இது, மிச்சம் பெரும்பகுதி திபெத்தில். அவர்கள் பேசுவது திபெத்திய மொழியின் ஒரு வட்டார வழக்கு. இந்தப் பக்கம் மூன்று கூட்டம்: சோ கரைச் சுற்றிச் சமத், சோ மோரிரியைச் சுற்றிக் கோர்சோக், இன்னும் மேற்கே கர்னாக். கர்னாக் குடும்பங்களில் பெரும்பாலானவை லே பக்கத்தில் கர்னாக்லிங் என்ற குடியிருப்புக்கு இறங்கிவிட்டன. 1959-க்குப் பின் திபெத்திலிருந்து மந்தையோடு வந்த குடும்பங்களும் இந்தப் பகுதியில் உண்டு, அவர்களைச் சாங்பா என்று கூப்பிட்டுவிடாதீர்கள், இருவருக்கும் மேய்ச்சல் உரிமை வேறு வேறு, அது கொஞ்சம் புண்ணான விஷயம்.

எந்தப் புல்வெளியில் யார் எந்த மாதம் இருப்பது என்பதைக் கூட்டத்தின் தலைவர் (கோபா) தலைமையில் முடிவு செய்வார்கள். இப்போது நடைக்காரர்கள் செய்யும் தப்பு. பசேலென்று ஒரு வெளி, ஓடை, ஒரு கூடாரமும் இல்லை. ஆஹா என்று அங்கே முகாம் போட்டுக் குதிரைகளை அவிழ்த்துவிடுவார்கள். ஆள் இல்லாத புல்வெளி கைவிட்ட புல்வெளி இல்லை. குளிர்காலத்துக்கென்று தொடாமல் வைத்திருப்பதாக இருக்கலாம். ஜனவரியில் பனி மூடியபின் ஆடுகளுக்கு அந்தக் காய்ந்த புல்தான். ஆறு குதிரை ஓர் இரவில் மேய்வது உங்களுக்கு ஒன்றுமில்லை, ஒரு பருவத்துக்கு முப்பது குழு வந்தால்? குதிரைக்காரரிடம் பார்லி தீவனம் கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்கு எடை ஒதுக்குங்கள். அவரே உள்ளூர்க்காரராக இருந்தால் எங்கே அவிழ்க்கலாம் என்று அவருக்குத் தெரியும். அவர் 'இங்கே வேண்டாம், இன்னும் ஒரு மணி நடப்போம்' என்றால் காலைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

வட்டமாகக் கல் அடுக்கிய இடங்கள் வழியெல்லாம் தெரியும். ஆட்டுப் பட்டிகள் அவை. காற்றுக்கு மறைவாக இருக்கிறது என்று அதற்குள் கூடாரம் போடுவது, கூடாரக் கயிற்றுக்கு அதிலிருந்து கல் உருவுவது இரண்டும் கூடாது. அந்தக் கற்களை யாரோ முதுகு ஒடிய அடுக்கியிருக்கிறார்கள். மந்திர எழுத்துச் செதுக்கிய 'மணி' கல்லைத் தொடவே வேண்டாம். அந்தக் கற்களை அடுக்கிய மணிச் சுவரும் சோர்த்தெனும் (பௌத்தத் தூபி) எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்குமாறு கடக்க வேண்டும். அடுக்கிவைத்த வறட்டியையும் தொடக்கூடாது. மரமே இல்லாத ஊரில் அது விறகு. குளிர்கிறதே என்று நாலு எடுத்து எரிப்பது திருட்டு.

#13 கூடாரவாசி

அக்கா, கூடாரத்துக்குள் கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது? பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சாக்லேட் வாங்கலாம் என்றிருந்தோம்.

#14 கருங்கூடாரம்

சாக்லேட் வேண்டாம். பல் வைத்தியர் 200 கி.மீ. தள்ளி. காகிதமும் அங்கேயே பறக்கும். லேயிலிருந்து ஆப்பிள், வெங்காயம், முட்டைக்கோஸ் எடுத்துப்போங்கள், விளையாத ஊரில் அதுதான் அருமை. பெரியவர் கையில் கொடுங்கள், பிள்ளை கையில் அல்ல.

ரெபோ என்பது யாக் மயிரில் நெய்த கறுப்புக் கூடாரம். நேராக வாசலுக்கு நடக்காதீர்கள். ஐம்பது அறுபது அடி தள்ளி நின்று 'ஜுலே' என்று குரல் கொடுங்கள். நாய்கள் மந்தைக் காவலுக்கு வளர்த்தவை, குரைத்துவிட்டு வாலாட்டுகிற ரகம் இல்லை. யாராவது வந்து நாயைப் பிடிக்கும்வரை நில்லுங்கள். ஓடவே கூடாது.

உள்ளே நடுவில் அடுப்பு, அதற்கு மேலே கூரையில் நீளமாகப் புகைத் திறப்பு, பின்பக்கம் சாமி. அவர்கள் காட்டிய இடத்தில் உட்காருங்கள். அடுப்பையோ சாமியையோ நோக்கிக் கால் நீட்டக்கூடாது, அடுப்பைத் தாண்டக்கூடாது, அடுப்பில் குப்பையோ மிட்டாய்த் தாளோ போடக்கூடாது. அடுப்புக்கு அவர்களிடம் தெய்வம் உண்டு. தேநீரை முதல் தரம் வேண்டாம் என்பது மரியாதை, ஆகவே நீங்கள் உண்மையிலேயே வேண்டாம் என்றாலும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டு ஊற்றிவிடுவார்கள்! கிண்ணத்தைக் காலி செய்தால் உடனே நிரம்பும். போதும் என்றால் நிறைந்த கிண்ணத்தை அப்படியே வைத்திருந்து, கிளம்பும்போது குடித்துவிட்டு எழுங்கள். உப்பும் வெண்ணெயும் போட்டது. தேநீர் என்று நினைத்துக் குடித்தால் குமட்டும், சூப் என்று நினைத்தால் இறங்கும்.

பஷ்மினா வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு: இங்கே கிடைப்பது சால்வை இல்லை, மூலப்பொருள். சாங்ரா ஆட்டின் அடிமயிர், கோடைத் தொடக்கத்தில் சீப்பால் வாரி எடுப்பது, ஓர் ஆட்டுக்கு 250 கிராம் அளவுதான். அதிலும் முரட்டு மயிரைப் பிரித்தால் பாதிக்கும் குறையும். கூடாரத்து வாசலில் விலை பேசி நேரத்தைக் கெடுக்காதீர்கள்.

படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். பால் கறக்கும்போது கேட்காதீர்கள். ஆடுகளைக் கழுத்தோடு கழுத்து எதிரெதிராக ஒரே கயிற்றில் பின்னிக் கட்டி வரிசையாகக் கறப்பார்கள், புது ஆள் குறுக்கே வந்தால் வரிசை முழுக்க மிரளும்.

#15 பழைய பாதை

கருங்கூடாரம் சொன்னதற்கு மேல் பாதையில் சிக்கல் வரும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சோ கர் என்றால் வெள்ளை ஏரி. கரையெல்லாம் உப்பு. ஒரு காலத்தில் இந்த உப்பை ஆட்டு முதுகில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பார்லிக்கு மாற்றினார்கள். தண்ணீர் குடிக்க உதவாது, ஊற்று எங்கே என்று குதிரைக்காரரைக் கேட்டு நிரப்புங்கள். ஏரிக்கரையை ஒட்டி நேர்கோட்டில் போனால் தூரம் மிச்சம் என்று தோன்றும். மேலே காய்ந்த வெள்ளைப் பொருக்கு, கீழே முழங்கால் சேறு. வண்டித் தடத்தை விட்டு இறங்காதீர்கள். காற்று அவ்வளவு தெளிவு, எதிரே தெரியும் மேடு அரைமணி என்று நினைப்பீர்கள், இரண்டரை மணி ஆகும்.

கருங்கழுத்துக் கொக்கு அங்கே கூடு கட்டும். தொலைவிலிருந்து பாருங்கள். அதைவிட முக்கியம்: மிச்சச் சோற்றைப் புதைக்காதீர்கள், கொட்டாதீர்கள். முகாம் கழிவில் கொழுத்த தெருநாய்கள்தான் அந்தக் கொக்கின் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. சமைக்கும் அளவைக் குறையுங்கள், மீந்ததைக் கட்டி எடுத்து வாருங்கள். கழிப்பிடமும் அப்படித்தான்: ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி 15 செ.மீ. குழி, காகிதத்தைப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வரவேண்டும். அந்த வறண்ட குளிரில் எதுவும் மட்காது.

கியாமா முகாம் 5,100 பக்கம். இந்த நடையில் மிக உயரமான தூக்கம் அதுதான், திசாலிங் இல்லை. பொங்குனாகு, நுருச்சன் வழியாக வருவதால் உடம்பு தாங்கும். ஆனால் நுருச்சனில் யாருக்காவது தலைவலி தீரவில்லை என்றால் அவரை அங்கிருந்தே வண்டியில் அனுப்புங்கள். அதற்குப் பின் கோர்சோக் வரை இறங்கும் வழி கிடையாது. அனுப்புவதா வேண்டாமா என்ற முடிவை யார் எடுப்பது என்று லேயிலேயே பேசி வையுங்கள். நுருச்சனில் உட்கார்ந்து ஓட்டெடுத்தால் நோயாளியும் 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று கைதூக்குவார்.

கடைசி நாள் விடியலில் 5 மணிக்குக் கிளம்புங்கள். யாலுங் ந்யாவ் லாவில் பனித்திட்டு ஆகஸ்டிலும் இருக்கலாம். காலையில் இறுகி இருக்கும்போது நடப்பது சுலபம், 11 மணிக்குமேல் குதிரைக்கால் வயிறுவரை இறங்கும். சுமையை இறக்கி மனிதர்கள் தூக்கிக் கடத்த வேண்டிவரும். மேலே காற்றுக்கொடி கட்டிய கற்குவியலில் குதிரைக்காரர் 'கி கி ஸோ ஸோ லா கியாலோ' என்று கூவுவார். கூடக் கூவலாம், தப்பில்லை. அங்கிருந்து ஏரி நீலமாகத் தெரியும், வந்துவிட்டோம் என்று தோன்றும், இன்னும் 800 மீட்டருக்குமேல் இறக்கம் பாக்கி. இறங்கினால் 'கோர்சோக் பூ' என்ற இடம், கோடையில் ரெபோக்கள் நிறைந்த வெளி. அதைக் கடந்து மடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மடம் திபெத்திய பௌத்தத்தின் த்ருக்பா பிரிவினுடையது. சோ மோரிரி 2002 முதல் ராம்சர் தளம் (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்), கரையில் கூடாரம் போடக்கூடாது, ஊரில் வீட்டுத் தங்கல் இருக்கிறது.

#16 கூடாரவாசி

திருத்திய திட்டம்: லே 3 இரவு, ரும்ட்சே 1, கியாமார் 2, திசாலிங், பொங்குனாகு, நுருச்சன், ராஜுங் கரு, கியாமா, கோர்சோக். 6 குதிரை, ஒன்று காலி. நுருச்சனில் முடிவெடுப்பவர் எங்களில் மூத்தவர், அவர் சொல்லே இறுதி. அவருக்கே தலைவலி என்றால் அடுத்தவர். தூக்கப்பை மைனஸ் 10 போதுமா? தண்ணீருக்கு இழை வடிகட்டி வாங்கியாயிற்று.

#17 லே சந்து

ஆகஸ்டுக்கு மைனஸ் 10 போதும். கியாமாவில் இரவு மைனஸ் 5 பக்கம் போகலாம். செப்டம்பர் என்றால் மைனஸ் 15 கேட்டிருப்பேன். பையைவிடக் கீழே விரிக்கும் பாயில் காசு போடுங்கள், குளிர் தரையிலிருந்துதான் ஏறும். 9 நாள் என்றால் தீவனத்தோடு சேர்த்து எடையைக் குதிரைக்காரரிடம் இன்னொரு தரம் கணக்குப் போடச் சொல்லுங்கள், ஏழாவது குதிரை கேட்டாலும் கேட்பார், நியாயம்தான்.

#18 அடுப்படி

வடிகட்டியை ஒருமுறை நனைத்துவிட்டால் பிறகு இரவு முழுக்க உடம்போடு, தூக்கப்பைக்குள். உள்ளே தங்கிய நீர் உறைந்தால் இழை வெடிக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் முன்னைவிட வேகமாக வரும், நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவீர்கள். உறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே தூக்கி வைத்துவிட்டு, கொதிக்கவைத்துக் குடியுங்கள். 85 டிகிரியில் கொதித்தாலும் கிருமி சாகும், இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். குளோரின் மாத்திரை என்றால் அந்தக் குளிர்ந்த நீரில் பாக்கெட்டில் போட்ட நேரம் போதாது, இரவே போட்டுக் காலையில் குடிப்பது பாதுகாப்பு.